விளக்கு மேசையில் ஒரு முதுகு

பதினோராயிரத்து நானூற்று ஐம்பது. முதுகுத்தண்டை ஸ்கேன் எடுக்கக் கம்பெனியில் வாங்கிய முன்பணம் அது. படம் கைக்கு வந்துவிட்டது. டாக்டரைப் பார்க்க இன்னும் நான்கு நாள். அதுவரை மனசு பொறுக்குமா? சாப்பாட்டு வேளையில் துணி சோதிக்கும் மேசை காலியானதும், கண்ணாடிமேல் படத்தை விரித்து அடியிலிருந்த குழல்விளக்கைப் போட்டாள்.

பதினாறு வருஷமாக அந்தக் கண்ணாடிமேல் ஓடும் துணியில் பழுது பார்க்கிறவள். அறுந்த இழை, எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை எதுவும் அவளிடம் தப்பாது. அதனால் பெயரே பருந்து. பழுது கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஒட்டுவாள். அம்புக்கு ஒரு புள்ளி. நூறு கெஜத்தில் நாற்பது புள்ளிவரை பொறுத்துக்கொள்வார்கள், தாண்டினால் ரிஜெக்ட். அப்பேர்ப்பட்டவளுக்கு மூன்று மாதமாக இடது கால் மட்டும் பஞ்சுமேல் வைத்ததுபோல் இருந்தது.

விளக்கு எரிந்ததும் குனிந்து பார்த்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை நூல்கண்டு அடுக்கியதுபோல் எலும்பு. அதன் பின்னே சாம்பல் நிறத்தில் ஒரே இழை, ஒரு முடிச்சில்லாமல் இறங்கியது. இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறாள், இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறாள். ஒரு நாளும் இது இருப்பதாகத் தெரியாது.

"யாருடி இதை நெய்தது?" என்றாள், பக்கத்து மேசைக்காரியிடம்.

அவள் எட்டிப் பார்த்தாள். "வளையவே மாட்டேங்குறான்னு உன் வீட்டுக்காரர் சொல்றது சரிதான்க்கா. முதுகே இப்படில்ல இருக்கு."

சிரிப்பு அடங்கியதும் கண் தன் பழக்கத்துக்குப் போனது. இழையின் இருபுறமும் மேலிருந்து கீழ்வரை வெள்ளை. அவள் தொழிலில் வெள்ளை என்றால் சாயம் ஏறாத இடம். வெள்ளை தெரிந்த இடத்திலெல்லாம் கை தானாக அம்புக்குறியை உரித்து ஒட்டியது. கடைசியில் எண்ணினாள். நாற்பத்தாறு. தலை நிமிர்ந்தபோது சூப்பர்வைசர் எதிரே நின்றிருந்தான். அம்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுப் போனான்.

நாலாம் நாள் படத்தை அம்புகளோடே வாங்கிப் பார்த்த டாக்டரம்மா அவளைக் கேலி செய்யவில்லை. ஒவ்வொரு அம்பாக உரித்துக்கொண்டே சொன்னார். வெள்ளையாக ஓடுவது தண்ணீர். எல்லா மனிதருக்கும் அந்த இழை தண்ணீரில்தான் மிதக்கிறது. இவள் அசந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மிஞ்சியது இரண்டே அம்பு. இழைக்குள்ளேயே, அரிசி மணி அளவில் இரண்டு வெள்ளைத் திட்டு.

"இது ரெண்டுதான் பழுது. படிச்சவங்களே சில சமயம் விட்டுடுவாங்க. நீங்க பிடிச்சிருக்கீங்க."

அங்கே நரம்பின் மேலுறை தேய்ந்திருக்கிறதாம். எம்.எஸ். என்ற நோயாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தலையையும் படமெடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதுவாகவே இருந்தாலும் மருந்து உண்டு. வேலைக்குப் போகலாமா என்று கேட்டாள். உட்கார்ந்து செய்யலாம் என்றார்.

மறுநாள் காலை நேராக சூப்பர்வைசரிடம் போய்ப் படத்தைக் காட்டினாள். "ரெண்டே புள்ளி தம்பி. ஒரு ஸ்டூல் போட்டாப் போதும்."

அவன் படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "நாப்பத்தாறுன்னு அன்னைக்கே மேல சொல்லிட்டேன்க்கா. உங்க கண்ணு தப்பாதுன்னு அவங்களும் நம்பிட்டாங்க. இனிமே மாத்த முடியாது. கணக்கு முடிச்சாச்சு."

அலுவலக ஜன்னலில் காசாளர் பதினாறு வருஷத்துக்குச் சேர வேண்டியதில் முன்பணத்தைக் கழித்து, பதினோராயிரத்து நானூற்று ஐம்பதின்மேல் சிவப்புக் கோடு இழுத்தார். அவளுடையது வயசான பிறகு கற்ற எழுத்து. ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்தை முடிக்க நேரமானது.

திரும்பினாள். அவள் மேசையில் வேறொருத்தி நின்றிருந்தாள். கண்ணாடிமேல் வெளிச்சத்தில் துணி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே அம்புகளை எண்ணினாள். முப்பத்தொன்பது. சூப்பர்வைசர் 'பாஸ்' முத்திரை குத்தி, துணியைச் சுருட்டிப் பத்திரமாக வண்டியில் ஏற்றினான்.