குடும்ப போட்டோ

புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க இ.எஸ்.ஐ. பாரத்தோட குடும்ப போட்டோவும் குடுக்கணும். அப்பத்தான் பொண்டாட்டி புள்ளைங்களுக்கும் ஆஸ்பத்திரியில வைத்தியம் பாப்பாங்க. திருவொத்தியூர்ல எங்க கம்பெனியில அதை வாங்கி எழுதற வேலை என் தலையில. எட்டு பேர் குடுத்துட்டாங்க. வெல்டர் அன்பரசன் மட்டும் பதினஞ்சு நாளா நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லிகினு இருந்தான்.

"பொண்டாட்டி மாசமா கீறான்னு நீதான சொன்ன? பிரசவத்துக்கு எங்க போவ? எனக்கு வேற வேலை இல்லன்னு நெனச்சுகினியா?"ன்னு கத்திட்டேன்.

அவன் ரூம் கதவைச் சாத்திட்டு வந்தான்.

"ஞானம் அக்கா, நான் அன்பரசன் இல்ல. அவன் தம்பி பாரி. அண்ணனோட ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டைக் காட்டித்தான் சேர்ந்தேன்."

எனக்கு வந்த கோவத்துல மேனேஜர் ரூம் வாசல் வரைக்கும் போயிட்டேன். சொன்னா இவன் வேலை அன்னிக்கே போயிடும். அந்தப் பொண்ணு வயித்துல புள்ளையோட நிக்கும். திரும்பி வந்து உக்காந்தேன்.

மறுநாள் போட்டோவோட அவன் பொண்டாட்டி ஷாலுவும் வந்தா. எட்டு மாச வயிறு. நான் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். தொழிலாளி அன்பரசன், மனைவி ஷாலு.

"புள்ள பொறந்தா அப்பா பேரு இன்னான்னுக்கா எழுதுவாங்க?"

"இ.எஸ்.ஐ. கார்டுல கீறதைத்தான்."

அவ வயித்து மேல கைய வெச்சுகினா.

"அவங்க அண்ணன் செத்து ரெண்டு வருஷமாவுதேக்கா."

பாரி பேனாவை எடுத்து, ஒரு எழுத்துகூடத் தடுமாறாம, அன்பரசன்னு கையெழுத்துப் போட்டான்.