ஆபீஸில் கேட்ட அழுகை

1974 ஆவணியில், வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் பிள்ளைகள் அழுத சத்தம் பிள்ளைகளிடம் கேட்கவில்லை. முக்கால் மைல் தள்ளி மேனேஜர் ஆபீஸில் கேட்டது. தொடங்கியது ஒரு திங்கட்கிழமை. அன்றுதான் பிள்ளைக் கொட்டகை ஆயாக்களான சுருளியம்மாளும் ரோசியும் குருவம்மாளும் வேலையை நிறுத்திவிட்டுத் தோட்டத்து கேட்டில் போய் உட்கார்ந்தார்கள். காய் எடுக்கப் போகும் பெண்களின் நாற்பது பிள்ளைகளை ஒன்பது வருஷமாக அவர்கள்தான் பார்த்துவந்தார்கள். ஆனாலும் தொழிலாளர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. உட்கார்ந்து பிள்ளை பார்ப்பது வேலையாகாது என்றார் மேனேஜர். பட்டியலில் இல்லாதவர்களுக்காகப் பேச்சுவார்த்தைக்குப் போக முடியாது என்று யூனியன் செயலாளர் சங்கையாவும் கைவிரித்தார்.

தாய்மார்கள் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு ஏலக்காட்டுக்குள் போனார்கள். பிள்ளைகள் வாயைத் திறந்து அழுதன, சத்தம் வரவில்லை. ஆபீஸிலோ டைப்ரைட்டருக்குள்ளிருந்தும் மேஜை டிராயருக்குள்ளிருந்தும் நாற்பது குரல்கள். மேனேஜர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கடிதங்கள் எழுதினார்.

நான்காம் நாள் ஒரு குரல் மட்டும் பஞ்சையும் மீறி, விட்டுவிட்டு வந்தது. அவரும் பிள்ளை பெற்றவர்தான். குடைகூட எடுக்காமல் மழையில் கேட்டுக்கு ஓடி, ஒருதரம் வந்து கேளுங்கள் என்றார். சுருளியம்மாள் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டாள்.

“அழகுத்தாய் மக சார். பசி அழுக இல்ல. மூக்குல அட்ட ஏறிருக்கு.”

போராட்டத்தை விட்டுப் போவதா என்று குருவம்மாள் தடுத்தாள். பிள்ளையோடு நமக்கென்ன சண்டை என்று சொல்லிவிட்டு சுருளியம்மாள் காட்டுக்குள் ஓடினாள். அங்கே அழகுத்தாய், மகள் அழுவதே தெரியாமல் காய் பறித்துக்கொண்டிருந்தாள். முதுகில் பிள்ளைக்கு மூச்சு திணறியது. சுருளியம்மாள் உப்புத்தண்ணீர் விட்டு அட்டையை எடுத்து, பிள்ளையைத் தாய் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி கேட்டில் வந்து உட்கார்ந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று மேனேஜர் கேட்டார்.

“இதத்தான் சார் வேலைன்னு சொல்றோம்.”

அன்று சாயந்திரம் காய் எடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் கேட்டில் வந்து உட்கார்ந்தார்கள். சங்கையா கடைசியாக வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மறுவாரம் பேச்சுவார்த்தையில் சுருளியம்மாளுக்கும் நாற்காலி போட்டார்கள். மூன்று பெயர்களும் பட்டியலில் ஏறின.

அழுகை மட்டும் கொட்டகைக்குத் திரும்பவில்லை. 1977 ஒப்பந்தத்தில் யூனியன் அதற்கும் ஒரு வழி செய்தது: எந்தப் பிள்ளை எதற்கு அழுகிறது என்று ஆபீஸில் உட்கார்ந்து கேட்டு, கொட்டகைக்குப் போன் பண்ணிச் சொல்ல நான்காவதாக ஓர் ஆயா; மற்ற தொழிலாளர்களுக்கு உள்ள லீவும் கம்பளியும் அவளுக்கும் உண்டு. அந்த வேலைக்கு முதலில் வந்தவள் அழகுத்தாய்.