மாடிக்குப் போன கார்குழலி

எங்கள் ஹவுசிங் போர்டு பிள்ளைகளுக்கு அந்த அரசுப் பள்ளியில் ஒரே இடம்தான்: 'ஈ' பிரிவு. கக்கூஸுக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. மற்ற பிள்ளைகளுக்கு மாடிக் கட்டடம், ஃபேன், லேப் எல்லாம் உண்டு. கேட்டால், "உங்க பிள்ளைங்களுக்கு வசதியா இருக்கும்னுதாம்மா" என்பார் தலைமையாசிரியர். வசதியாம் வசதி! மழை பெய்தால் புத்தகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்காரும் வசதி.

என் வீட்டுக்காரர் பீம்ராவ் டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மனுவைத் தூக்கிக்கொண்டு கல்வி ஆபீஸ் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று நான் திட்டிக்கொண்டிருந்தபோது உத்தரவு வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் கலந்து உட்கார வைக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் கில்லாடி. ஒரு பரீட்சை வைத்து, மார்க் பார்த்துப் பிரித்தது. எங்கள் பிள்ளைகள் 'மெல்லக் கற்போர்' என்று அதே கொட்டகைக்குத் திரும்பினார்கள். எங்கள் மகள் கார்குழலி மட்டும் மாடிக்குப் போனாள்.

"ஒண்ணு போயிடுச்சில்ல, பின்னாலயே எல்லாம் போவும்" என்றார் இவர்.

சந்தோஷம் தலைக்கேறி, பள்ளி வாசலிலேயே ஃப்ளெக்ஸ் கட்டினார். காதுகுத்துக்கும் கட்டுகிறோம், சாவுக்கும் கட்டுகிறோம், இதற்குக் கட்டக் கூடாதா? ஆள் உயரத்துக்குக் கார்குழலி படம். கீழே தெருப் பையன்களின் தலைகள் வரிசையாக. நானும் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் 'பேனர்'. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் அவள் ஒருத்தி. கேள்விக்குக் கை தூக்கினால் டீச்சர் கண் அடுத்த வரிசைக்குப் போய்விடும். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அழுத்தக்காரி, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பா மட்டும் பாதியோடு திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை அவளே பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். கொட்டகைக்குப் போய்த் தோழி மதி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலை தலைமையாசிரியர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் கனிவு.

"நாங்க அனுப்பல சார். அவளே விருப்பப்பட்டுப் போயிருக்கா. ஆபீஸுக்கும் அப்படியே சொல்லிட்டோம்."

இனி எந்தக் கதவைத் தட்டினாலும் இதையேதான் சொல்லுவார்கள்.

வெளியே வந்து, வாசலில் நின்ற மகளிடம் இவர் கேட்டார். "இன்னா கண்ணு இப்டி பண்ட்ட? இன்னும் கொஞ்ச நாளு பல்லக் கடிச்சிகினு இருந்திருக்கலாமே?"

"எல்லாரையும் ஒண்ணா குந்த வெக்கத்தான நைனா நீ கேட்ட? அங்க நான் தனியாத்தான குந்திகினு இருந்தேன்."

இவர் அவள் பையை வாங்கி, வாரைச் சரிசெய்து, தோளில் மாட்டிவிட்டார்.

மணி அடித்தது. கார்குழலி கொட்டகைக்கு ஓடினாள். மதி நகர்ந்து இடம் விட்டு, காதில் என்னவோ சொன்னாள். இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்க்கிறோம். அதைப் பார்த்துத்தான் இவர் அழுதார்.