நான்காவது பெயர்

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாடாளுமன்றக் குழு ஒன்றுக்கு எழுதிய மனுவாகத்தான் தொடங்கியது. ஆக்லாந்தில் ஒட்டாஹுஹு நூலகத்தில் செவ்வாய்தோறும் மாலை எழுத்து வகுப்புக்குப் போகிறேன். "உண்மையில் நடந்த ஒன்றை எழுதி வா" என்று ஹீதர் டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடமும், தெலேசியா அத்தை எழுதித் தரச் சொன்ன மனுவும் ஒரே வாரத்தில் வந்தன. ஒரே நோட்டில் முன்பக்கத்திலிருந்து ஒன்றையும் பின்பக்கத்திலிருந்து மற்றொன்றையும் எழுதினேன். நடுவில் இரண்டும் சந்தித்துக்கொண்டன.

மனு எதைப் பற்றி என்று சொல்லிவிட வேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் குலுக்கலில் பெயர் விழுந்த சமோவாக் குடும்பங்கள் நியூசிலாந்துக்கு வரலாம். அப்போது பெற்ற பிள்ளைகளைத்தான் குடும்பமாகக் கணக்கில் எடுக்கிறார்கள். வழக்கப்படி வாங்கி வளர்த்த பிள்ளைகளையும் எடுக்கலாம் என்கிறது ஒரு சட்டத் திருத்த மசோதா. முன்பே வந்துவிட்டவர்களும் விட்டு வந்த பிள்ளையை, அதற்குப் பதினெட்டு வயது முடிவதற்குள், அழைத்துக்கொள்ளலாம். [இது இந்தக் கதைக்குள் இருக்கும் மசோதா. வெளியே தேட வேண்டாம்.]

அத்தை விட்டு வந்த பிள்ளையின் பெயர் ரூத்தா. பதினாறு நடக்கிறது.

2

தொடக்கங்கள்.

"மாங்கெரேயில் மழை பெய்துகொண்டிருந்தபோது தெலேசியா ஒரு" — நிறுத்திவிட்டேன். நாட்குறிப்பைப் புரட்டினால் அன்று அத்தை இருக்கும் மாங்கெரேயில் நல்ல வெயில். அத்தை துணி காயப்போட்டிருக்கிறாள்.

"சட்டங்கள் மனிதர்களை எப்போதும்" — இதை என்னாலேயே இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

"தெலேசியாவுக்கு நான்கு பிள்ளைகள்." இதை வைத்துக்கொண்டேன். ஹீதர் மேலும் கீழும் படித்துவிட்டு, "நாலா, மூணா? முதல்ல அதை முடிவு பண்ணு, அப்புறம் எழுது" என்றார். அதை முடிவு பண்ண முடியாததால்தான் எழுதுகிறேன் என்ற பதில் பேருந்தில் ஏறிய பிறகுதான் எனக்குத் தோன்றியது.

3

தெலேசியா என் அப்பாவின் அக்கா. சமோவாவில் சவாயித் தீவில் இருந்தபோது வரிசையாக மூன்று பையன்களைப் பெற்றாள். அவள் தங்கை அசெனாத்திக்கு ஏற்கெனவே பெண்கள் இருந்தார்கள். நான்காவதும் பெண்ணாகப் பிறந்தபோது, குழந்தை பால் மறந்த வாரத்தில் பாயும் துணியுமாகக் கொண்டுவந்து அக்கா மடியில் வைத்துவிட்டுப் போனாள். எங்களில் இது நடப்பதுதான். யாரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. "பக்கத்து வீட்டுக்கு உப்பு கொடுத்தா எழுதியா வெப்பாங்க?" என்றாள் அத்தை. [இந்த உவமை சரியில்லை, பிள்ளை உப்பு அல்ல. ஆனால் அவள் சொன்னது இதுதான்.]

குலுக்கலில் பெயர் விழுந்ததும் படிவம் வந்தது. 'பிள்ளைகள்' என்ற இடத்தில் அத்தை நான்கு பெயர்களை எழுதினாள். எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்காமவரின் பிறப்புச் சான்றிதழில் தாய் என்று வேறொருவர் பெயர் இருக்கிறது. தவறான தகவல் தந்திருந்தால் மொத்த விண்ணப்பமும் தள்ளுபடி ஆகலாம். பதினான்கு நாளில் விளக்கம் தேவை.

அத்தை போதகர் வீட்டுக்குப் போனாள். ஊரில் கணினி அங்கேதான் இருந்தது. போதகரின் மனைவி தட்டச்சு செய்தார்: "ரூத்தா என் மகள் அல்ல. தவறுதலாக எழுதிவிட்டேன்." அத்தை கீழே கையெழுத்துப் போட்டாள். அத்தை, மாமா, மூன்று பையன்கள் என்று ஐந்து பேருக்கு விசா வந்தது. ரூத்தாவிடம், "உன் காகித வேலை மட்டும் முடியலம்மா, அடுத்த வருஷம்" என்று சொல்லி, அவளை அசெனாத்தி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அதன் பிறகு மூன்று அடுத்த வருஷங்கள் போய்விட்டன.

4

ரூத்தா மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதாவது, நான் எழுதும் ரூத்தா மீது. நான் ஆக்லாந்தில் பிறந்தவள். அவளை நேரில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

"கப்பல் துறையை விட்டு நகர, ரூத்தா கண்ணீர் வழியக் கையை" — பாதியில் நிறுத்திவிட்டு அத்தைக்குப் போன் செய்து கேட்டேன்.

"அழவே இல்லடி. கப்பல் கிளம்புற வரைக்கும் ஐஸ்கிரீம் தின்னா. அதுவும் ரெண்டு."

'ஏன் அழவில்லை? விசாரிக்க' என்று ஓரத்தில் குறித்தேன். அதற்குக் கீழே இரண்டு விடைகள் எழுதினேன்: ஒன்று, கல் நெஞ்சுக்காரி, இரண்டு, விவரம் தெரியாத பிள்ளை. இரண்டும் தப்பு என்று பிறகு தெரிந்தது.

5

சனிக்கிழமை அத்தை சமையலறையில் சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நான் மனுவை வாசித்துக் காட்டினேன். "மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் கையெழுத்திட்ட கடிதத்தில்" என்ற இடத்தில் கத்தி நின்றது.

"அதை எடுத்துடு."

"எடுத்தா மனுவே இல்ல அத்தை. ஏன் விட்டுட்டு வந்தீங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க."

"மறந்துட்டேன்னு எழுது."

"பிள்ளையையா?"

அத்தை கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதையெல்லாம் இணையத்துல போடுவாங்களாமே?"

"ஆமா. பேரை மறைக்கச் சொல்லிக் கேக்கலாம்."

"எங்க ஊர்ல பேரை மறைச்சா தெரியாமப் போயிடுமா? மூணு பசங்க, வாங்கி வளர்த்த பொண்ணு ஒண்ணு, பேர் தெரியாத அம்மான்னு போட்டா, ஊர் நாய்கூட நேரா எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அவ படிப்பா மாசினா. என்னைவிட அவளுக்கு இங்கிலீஷ் நல்லா வரும். சட்டம் வந்து அவ இங்க வந்துட்டா, கால்ல விழுந்தாவது சமாளிச்சுக்குவேன். வராமலே போயிட்டா? நீ என் பொண்ணு இல்லன்னு நான் எழுதிக் கொடுத்த காகிதம் மட்டும்தானே அவ கையில மிஞ்சும்?"

மனு அனுப்ப இன்னும் நான்கு நாள் இருந்தது. அனுப்பாவிட்டால் குழுவின் முன் பேச வாய்ப்பில்லை. என் வேலை எழுதுவது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்: "அவ இணையத்துல படிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க அத்தை."

"நீ பக்கத்துல இருக்கணும்."

6

ஞாயிறு, தேவாலயம் முடிந்து சாப்பாடு மேசைக்கு வந்த நேரம். அத்தை எதையும் தொடவில்லை. தேங்காய்ப்பால் டின்னில் சாய்த்து வைத்த போனில் ரூத்தா தெரிந்தாள், தலையில் துண்டோடு. அத்தை மழையைப் பற்றிக் கேட்டாள். அசெனாத்தியின் முட்டியைப் பற்றிக் கேட்டாள். பன்றி குட்டி போட்டதா என்று கேட்டாள்.

"அம்மா, பன்னியைப் பத்தி ரெண்டாவது தடவையா கேக்குறீங்க. விஷயத்தைச் சொல்லுங்க."

அத்தை சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில்.

[இங்கே ஒரு நீண்ட மௌனத்தை எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். மௌனம் இருக்கவில்லை.]

"அந்த லெட்டரா? அதான் தெரியுமே."

"எப்... எப்படித் தெரியும்?"

"சனிக்கிழமை போதகர் வீட்டைக் கூட்டிப் பெருக்குறது எங்க முறைதானே? பிரிண்டர் பக்கத்துல உங்க கையெழுத்தோட மை இழுகின காப்பி ஒண்ணு கிடந்துச்சு. குப்பைன்னு எடுத்தேன். எடுத்தா என் பேரு. இன்னும் வெச்சிருக்கேன்."

"அப்ப உனக்குப் பதிமூணு வயசு!"

"பதிமூணு வயசுல படிக்கத் தெரியாதா?"

"ஏன்டி என்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீங்க போயிருக்க மாட்டீங்க. அண்ணனுங்களும் போயிருக்க மாட்டாங்க. அப்புறம் சாகுற வரைக்கும் உன்னாலதான் உன்னாலதான்னு மூணு தடியன்களும் என் உயிரை எடுத்திருப்பானுங்க."

பக்கத்து அறையிலிருந்து ஒரு தடியன், "ஏய், கேக்குது!" என்று கத்தினான்.

"கேக்கட்டும்!"

அத்தை முகத்தைத் துடைத்தாள். "கோபமே வரலையா உனக்கு?"

"வராம? அதான் ரெண்டு ஐஸ்கிரீம் வாங்க வெச்சேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதை அங்க வந்து நேர்ல காட்டுறேன்." பிறகு என்னைத் தேடினாள். "மாசினாக்கா, மனுவுல எல்லாத்தையும் எழுதுங்க. 'தவறுதலாக எழுதிவிட்டேன்'னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க. அது பொய். அதை மட்டும் திருத்திடுங்க."

"பெரும் பாரம் இறங்கியது போல" என்று எழுதி, அடித்துவிட்டேன். உண்மையில் நடந்தது இது: போனை வைத்ததும் அத்தை தட்டை இழுத்து, தேங்காய்ப்பாலோடு சேப்பிலையில் கட்டி வேகவைத்து ஆறிப்போன பலுசாமிப் பொட்டலங்களில் மூன்றைத் தின்றாள். நான்காவது என்னுடையது. அதையும் எடுத்துக்கொண்டாள்.

7

குழுவின் முன் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அத்தை தேவாலயத்து வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகப் போய் உட்கார்ந்தாள். மனுவை மொழிபெயர்ப்பாளர் வாசித்தார். திருத்திய வரி: "முதலில் நான்கு என்று எழுதியது தவறல்ல. பயந்து மூன்றாக்கியதுதான் தவறு."

உறுப்பினர் ஒருவர், நல்ல மாதிரியாகத்தான், கேட்டார்: யார் வேண்டுமானாலும் இது நான் வளர்த்த பிள்ளை என்று சொல்லலாமே, உண்மை எது என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு நான் பதில் தயாரித்துக் கொடுத்திருந்தேன், அரைப்பக்கம். அத்தை அதைத் தொடவே இல்லை.

"பள்ளிக்கூடத்துல போய்க் கேளுங்கய்யா. அவ சண்டை போட்ட அன்னிக்கெல்லாம் யாரைக் கூப்பிட்டு விட்டாங்கன்னு கேளுங்க. பதினோரு தடவை. பதினோரு தடவையும் நான்தான் போய்த் திட்டு வாங்கினேன்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசைச் சமோவாக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். கேட்டவரும் சிரித்தார். சிரித்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்தக் கதைக்கு முடிவு இருந்திருக்கும்.

8

முடிவுகள்.

(அ) மசோதா நிறைவேறுகிறது. விமான நிலையத்தில் ரூத்தா, கழுத்தில் மாலைகள், முகத்தில் மிச்சக் கோபம். இதை நன்றாக எழுதிவிட்டேன். அதனாலேயே எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

(ஆ) முன்பே வந்துவிட்டவர்களுக்கான பிரிவை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை நிறைவேற்றுகிறார்கள்.

(இ) நிறைவேறுகிறது, ஆனால் நடைமுறைக்கு வரும் நாளில் ரூத்தாவின் வயது பதினெட்டும் — இல்லை, இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

"ஒண்ணைத் தேர்ந்தெடு. வாசகரை நடுத்தெருவுல விடக்கூடாது" என்கிறார் ஹீதர். குழுவின் அறிக்கை வர நான்கு மாதம் ஆகும். வீட்டுப்பாடமோ இந்தச் செவ்வாய்க்கே வேண்டும்.

நேற்று அந்த மனுவை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள், அத்தையின் முழுப் பெயரோடு. ரூத்தா அதைப் போதகர் வீட்டில் அச்செடுத்து வைத்துக்கொண்டதாகச் செய்தி அனுப்பினாள். ஆக, எந்த முடிவு வந்தாலும் அவள் கையில் இனி இரண்டு காகிதங்கள். இரண்டிலும் அத்தையின் கையெழுத்து. இரண்டாவதில் எழுத்து கொஞ்சம் பெரிது.

அத்தை பயந்தது இவ்வளவுக்குத்தான். அது தீர்ந்துவிட்டது. மற்றதைக் கை தூக்கி முடிவு செய்யப்போகிறவர்கள் வேறு ஆட்கள். உங்களுக்குப் பிடித்த முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். (இ)யை எடுப்பவர்கள் தயவுசெய்து அந்த வாக்கியத்தைத் தங்கள் கையாலேயே