சைக்கிள் மிதித்து அளந்த கிணறு

கோயிலில் மத்தியான மணி அடிப்பதற்குள் மரியமலரின் கிணற்றை மண் போட்டு மூட உழவு இயந்திரம் வரப்போகிறது. விடிந்ததிலிருந்து அவள் கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அந்த நடையை நேராக நடந்திருந்தால் கண்டிக்குப் போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அளம்பிலுக்குத் திரும்பி வந்திருக்கலாம்.

அந்தக் கரையில் உப்புக் கரிக்காத தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான். இடம்பெயர்ந்து வந்த நாற்பது குடும்பங்களும் அங்கேதான் அள்ளின. நாற்பது என்பது ஊர்ச் சங்கத்தின் பதிவு. வாளிச் சத்தத்தைக் கேட்டால் நானூறு.

எல்லாம் வானொலியால் வந்த வினை. 1998 வைகாசியில், இந்தியா பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த செய்தியைக் கேட்டுவிட்டு யோகநாதன் சும்மா இருந்திருக்கலாம். கடற்கரையின் கறுப்பு மண்ணைக் காந்தத்தால் பிரித்தெடுத்த தொழிற்சாலையொன்று, மூடிப் பதினாலு வருடமாக, கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்தது. அவர் அங்கே வேலை செய்தவர்.

"அந்த மண்ணிலையும் அணுச்சாமான் கொஞ்சம் இருக்கு. கொஞ்சந்தான்," என்றார்.

'கொஞ்சந்தான்' அவருடைய படலையைத் தாண்டவில்லை. மிச்சம் சந்திக்குப் போய், கொழுத்து, பொழுதுபடுவதற்குள் திரும்பி வந்தது: மரியமலரின் கிணறு பெற்றோமக்ஸ் போல எரிகிறதாம்! கண்ணால் கண்டவர்களே பதினேழு பேர்.

யோகநாதனிடம் தொழிற்சாலைக் காலத்துக் கருவியொன்று இருந்தது. கதிர் பட்டால் 'டிக்' என்று சத்தம் போடும். ஆனால் போர்க்காலம், பற்றரி வன்னிக்குள் வரத் தடை. மரியமலர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் மூன்று வருடமாகப் பத்தேகாலில் நின்றது. ஆகவே ஊர் முழுக்க வானொலிக்குச் செய்வதையே யோகநாதனும் செய்தார்: சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவைக் கருவியோடு தொடுத்து, மரியமலரின் தம்பி கிறிஸ்தோப்பரை மிதிக்க விட்டார்.

முந்தைய நாள் முதலில் தொழிற்சாலையில் அளந்தார்கள். வலை இழுத்த களைப்பில் கிறிஸ்தோப்பர் ஏனோதானோவென்று மிதித்தான். அறுபது 'டிக்'. பிறகு கிணற்றடி. அங்கே ஊரே திரண்டிருந்தது. கருவி முந்நூறைத் தாண்டி, எண்ண முடியாமல் அலறியது. சங்கத் தலைவர் வீரகத்தி கையை உயர்த்தினார்.

"தொழிற்சாலையை விடக் கிணறு மோசம். நாளைக்கு மூடுறம்."

இப்போது வீட்டுக்குள் கிறிஸ்தோப்பர் சைக்கிள் மிதித்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தான். முனகிக்கொண்டிருந்த பாட்டு திடீரென்று கூரையைத் தூக்கியது. மரியமலர் எட்டிப் பார்த்தாள். வேலிக்கு வெளியே பிரியந்தினி குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். அவள் வளைவில் மறைந்ததும் பாட்டு மறுபடி முனகியது.

"டேய்! நேற்றுக் கிணத்தடியிலை அவளும் நிண்டவளோ?"

"நிண்டவா... ஏன் அக்கா?"

மரியமலர் பறந்தாள். யோகநாதன் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நேற்றுக் கத்தினது கிணறோ, தம்பியின்ர காலோ?"

வாயில் நுரையோடு அவர் சிலையானார். "ஐயோ முருகா. கரண்ட் கூடினால் அது தன்பாட்டிலை கத்தும், தங்கச்சி. நான் மிதியைப் பாக்கேல்லை."

"அப்ப திருப்பி அளவுங்கோ. நான் மிதிக்கிறன்."

"ஒரே வேகத்திலை, ஒரே நேரத்துக்கு மிதிக்கவேணும். மணிக்கூடுமில்லை."

மரியமலர் கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றினாள். அவளுடைய குசினியில் கணவாய்க் கறி வேகுவதே மூன்று 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லும் நேரத்தில்தான். "ஒவ்வொரு இடத்துக்கும் இதிலை பத்து மணி உருட்டிப் பத்து மந்திரம். மந்திரத்துக்கு இருபது மிதி. காணுமோ?"

தொழிற்சாலை மண் குவியலில் தொடங்கினார்கள். பத்து மணி உருண்டது: முந்நூற்றுப் பத்து. அங்கிருந்து கிணற்றை நோக்கி ஐம்பது அடிக்கொரு குழி, முழங்கை ஆழம். கிறிஸ்தோப்பர் தோண்டினான், அவனுக்கு அன்று மிதிக்கத் தடை. முதல் குழி தொண்ணூறு. இரண்டாவது நாற்பது. அதன்பின் எல்லாம் முப்பதுக்குள். கிணற்றடி மண் இருபத்தெட்டு. இரண்டு வாளித் தண்ணீரை முதல் நாளே சட்டியில் வற்றக் காய்ச்சி வைத்திருந்தார் யோகநாதன். அடியில் ஒட்டிய உப்பும் இருபத்தெட்டு.

"இருபத்தெட்டு இருக்குதே அண்ணை!" என்றாள் மரியமலர்.

"என்ர படுக்கையடியிலையும் அவ்வளவுதான். உலகத்திலை எங்கையும் அது கிடக்கும்."

மரியமலருக்குக் கண் கலங்கியது. என்றாலும் மிதியை விடவில்லை. "இன்னொருக்கா அளவுங்கோ. வீரகத்தியர் நம்பவேணும்."

செபமாலையின் ஆறாவது மணியில் உழவு இயந்திரம் இரைந்துகொண்டு வந்தது. பின்னால் இழுத்த பெட்டி நிறைய மண், மண்ணின் மேல் சிம்மாசனத்தில் இருப்பதுபோல வீரகத்தி. பெட்டி பின்பக்கமாகக் கிணற்றை நெருங்க, கருவி அலறத் தொடங்கியது. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த சனம் நாலு பக்கமும் சிதறியது.

"பாத்தியளே! கிணறு கத்துது!" என்றார் வீரகத்தி மேலிருந்து.

"நான் வேகமா மிதிக்கேல்லை!" மரியமலர் செபமாலையைத் தூக்கிக் காட்டினாள். "இப்பதான் ஆறாவது மணி!"

யோகநாதன் கருவியின் குழாயைக் கிணற்றுக்குள் நீட்டினார். சத்தம் அடங்கியது. பெட்டிப் பக்கம் திருப்பினார். காது கிழிந்தது.

"தலைவர், இந்த மண் எங்கை அள்ளினது?"

"உந்தத் தொழிற்சாலை முற்றத்திலைதான். கிட்டக் குவிஞ்சு கிடக்க, இதுக்கு ஊத்துற மண்ணெண்ணெய் விக்கிற விலையிலை தூரப் போகேலுமே?"

சொல்லி முடித்த பிறகுதான் வீரகத்திக்குத் தான் எதன்மேல் குந்தியிருக்கிறார் என்பது விளங்கியது. அவர் இறங்கவில்லை, பறந்தார். பூவரச மரத்துக் காகங்கள் அவருக்கு வழி விட்டதாகச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உடுத்திருந்த சாரத்தை உதறு உதறென்று உதறியபடியே, உழவு இயந்திரத்தைத் திருப்பச் சொல்லிக் கத்தினார்.

"அள்ளின இடத்திலையே கொட்டுங்கோ," என்றார் யோகநாதன். "அந்த முற்றத்தைத்தான் வேலி போட்டு அடைக்கவேணும்."

பிரியந்தினி குடத்தோடு முன்னுக்கு வந்தாள். கிறிஸ்தோப்பர் மெல்லச் சைக்கிளில் கை வைத்தான்.

"அக்கா, கடைசியா ஒருக்கா நான் மிதிச்சு..."

"தொடாதை!" என்று நாற்பது குடும்பமும் கத்தியது.

மரியமலருக்குச் செபமாலையில் இன்னும் நாலு மணி மிச்சமிருந்தது. அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.