திட்டினால் குளிரும் கார்

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை யாராவது புகழ்ந்தால் அதன் ரேடியேட்டர் கொதிக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சும்மா நிற்கும்போது யாராவது கிட்டே வந்து "என்ன அழகு" என்றாலே போதும், உள்ளே தண்ணீர் தளதளக்க ஆரம்பித்துவிடும். இன்று எங்கள் தெருவில் பால் போட வருகிறவருக்கும் இது தெரியும். தெரியாத காலத்தில் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

கார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவியுடையது. அந்த அம்மாளுக்கு வாய் நீளம். "நகருடி எருமை, உன்னைச் செஞ்சவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்று திட்டிக்கொண்டேதான் வண்டியைக் கிளப்புவார். அதுவும் காற்றாய்ப் பறக்கும். அவர் திடீரென்று இறந்துபோக, கார் கணவரிடம் வந்தது. கடைக்காரரோ எறும்பைக்கூட "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று கேட்கிற ரகம். மனைவி போனதற்கு அவர் வாய்விட்டு அழுதுகூட யாரும் பார்த்ததில்லை. காலையில் காரைத் துடைக்கும்போதே "என் தங்கமே, உன்னை மாதிரி உண்டா" என்று கொஞ்சுவார். தெருமுனை தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டு, முன்பக்கம் ஆவி பறக்கும். நாங்கள் போய்த் தள்ளிக்கொண்டு வருவோம்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பதிவு அலுவலகம் மலைமேல் இருந்தது. "அம்மாதான் வர முடியாது. அவங்க வண்டியாவது வரட்டும்பா" என்றாள் அவள். வேறு எதுவும் கேட்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு அவர் கடைக்குள் போய், ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடிகளை எல்லாம் மறுபடி துடைத்தார்.

கார் எங்கள் தெரு மெக்கானிக் அக்காவிடம் போனது. அக்கா எதையும் அடித்துச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். முதலில் தெர்மோஸ்டாட் என்றார். கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தால் அது ஒழுங்காகத் திறந்தது. ஆனாலும் சொன்ன சொல்லுக்காகப் புதிதை மாட்டினார். பிறகு வாட்டர் பம்ப் என்றார். பிறகு ரேடியேட்டர் அடைப்பு என்று கழுவிவிட, டீ நிறத்தில் தண்ணீர் வந்து, போகப்போகத் தெளிந்தது. ஹெட் கேஸ்கெட் போயிருக்குமோ என்று மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட்டிக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் பானட்டைத் தட்டி "இப்ப பாருங்க, ராணி மாதிரி இருக்கா" என்பார். உடனே கொதிக்கும்.

கடைசியில் ஃபேன் பெல்ட்டை இறுக்கும்போது ஸ்பேனர் நழுவி விரல் முட்டி பெயர்ந்தது. வலி பொறுக்காமல் அக்கா அந்தக் காரை அதன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினார். கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் கப்பென்று அடங்கியது. பானட் மேல் மெல்லிசாகப் பனி படிந்தது. அக்கா கொஞ்சம் புகழ்ந்து பார்த்தார், கொஞ்சம் திட்டிப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கடைக்காரரிடம் வந்தார். "வண்டியில ஒண்ணுமில்லண்ணே. கோளாறு நீங்கதான்."

கடைக்காரர் திட்ட முயற்சி செய்தார், பாவம். "நீங்க அவ்வளவு நல்ல வண்டின்னு சொல்ல முடியாதுங்க" என்றார். முள் அசையவே இல்லை. அதனால் கல்யாணத்தன்று அந்தப் பொறுப்பைத் தெரு ஏற்றுக்கொண்டது. மலைப்பாதை நெடுக நின்றோம். அப்பா ஓட்ட, மகள் பக்கத்தில் உட்கார்ந்து வர, "ஓட்டை டப்பா", "தண்டம்", "மூஞ்சியைப் பாரு" என்று ஆளுக்கு ஆள் வாரி வழங்கினோம். தலைமை ஆசிரியை சொன்னதை எழுத முடியாது. மனம்விட்டுத் திட்டி அத்தனை பேரும் ஒன்றாகச் சிரித்த நாள் அதற்கு முன்பு இருந்ததில்லை. கார் குளுகுளுவென்று ஏறியது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டோம். கடைசி வளைவில் மாலையோடு நின்றிருந்த அவர்கள் காரைப் பார்த்ததும் "அடேயப்பா, என்ன வண்டி, என்ன கம்பீரம்" என்று கை தட்டினார்கள். முள் ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. ஆவி கண்ணாடியை மறைக்க, கார் திணறி நின்று பின்னால் சரியத் தொடங்கியது. மகள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பிரேக்கை மிதித்தபடி கடைக்காரர் வாயைத் திறந்தார். "ஏண்டி பாவி, சொல்லாமக் கொள்ளாமப் போனியே. தனியா நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா? பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வரத் துப்பில்லாம எங்கடி போய்த் தொலைஞ்ச?"

திட்டியது காரை இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. கார் அதையெல்லாம் பார்க்கவில்லை. முள் அடிக்கோட்டைத் தொட்டது, ஆவி பனித்தூளாக மாறி மணப்பெண்ணின் தலையில் உதிர்ந்தது. கார் ஒரு உறுமலில் மேலே ஏறி அலுவலக வாசலில் போய் நின்றது. அப்பாவும் மகளும் அழுதுகொண்டே சிரித்தார்கள். வாசலில் நின்ற காரின் குளிரில் மாப்பிள்ளை நடுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதிலிருந்து தினமும் காலையில் காரைத் துடைத்துக்கொண்டே கடைக்காரர் மனைவியை ஒரு மூச்சு திட்டித் தீர்க்கிறார். முகம் தெளிந்துவிட்டது, பசியும் நன்றாக எடுக்கிறதாம். வெயில் காலத்தில் அவர் முடிக்கும்வரை நாங்கள் தண்ணீர் பாட்டில்களோடு வரிசையில் நிற்போம். பானட் மேல் வைத்து எடுத்தால் சாயங்காலம்வரை ஜில்லென்று இருக்கும்.