ஆண் புழு வேண்டும்

காபி வேரில் முடிச்சுப் போடும் உருளைப்புழு எந்த இனம் என்று அறிய, பெண் புழுவின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. அதன் பின்புறத்தை நறுக்கி, நுண்ணோக்கியில் வைத்து, அங்கே ஓடும் ரேகைகளைப் படிக்க வேண்டும். காபி விளையும் மினாஸ் மலைச்சரிவு ஆய்வுக்கூடத்தில் ஜுரேமாவின் வேலை அதுதான். காபி விவசாயி பெலார்மீனோவின் தோட்டத்துப் புழுவைப் பார்த்ததுமே, இது இன்னும் யாரும் பெயர் வைக்காத இனம் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

துறைத்தலைவர் அன்செல்மோ ஒப்பவில்லை.

“பழைய புழுதான் ஜுரேமா. ரேகை கொஞ்சம் கலைஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஆண் புழுவைக் காட்டு, அதோட தலை வேற மாதிரி இருந்தா புது இனம்னு கையெழுத்தும் போடறேன், மீசையையும் எடுத்துடறேன்.”

சாதாரண மீசை இல்லை அது. மழைக்காலத்தில் அதற்குள் ஒரு ஜோடிச் சிட்டு ஒதுங்கியதை ஊரே பார்த்திருக்கிறது.

செழிப்பான வேரில் இந்தப் புழுக்கள் பெரும்பாலும் பெண்ணாகவே வளரும். ஆண் வேண்டுமானால் செடி பட்டினி கிடக்க வேண்டும். ஜுரேமா காபிக்கன்றுகளைத் தொட்டியில் வைத்து, புழுவை ஏற்றி, உரத்தை நிறுத்தி, தண்ணீரையும் குறைத்தாள். மாதங்கள் போயின. கன்றுகளோ தளதளவென்று நின்றன. ஒன்று பூக்கவே பூத்துவிட்டது. வேரைப் பிரித்தால் எல்லாம் பெண். அன்செல்மோ மீசையை நீவியபடி தினமும் வந்து நலம் விசாரித்துப் போனார். அவள் மறுபடியும் கன்று வைத்தாள்.

ஒருநாள் காலை சீக்கிரமே வந்தபோது விஷயம் புரிந்தது. சீஸ் உருண்டை கொடுக்கிற சாக்கில் வாராவாரம் வரும் பெலார்மீனோ, தொப்பிக்குள்ளிருந்து சாணத்தை எடுத்துத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“காபிச்செடி வாடறதைப் பாத்துட்டு எப்படி டாக்டரம்மா சும்மா போறது?”

ஜுரேமா திட்டவில்லை. கத்தரியை அவர் கையில் கொடுத்தாள்.

“புழுவுக்கு உங்க பேருதான் வைக்கப்போறேன். பேரு வேணும்னா இலையை நீங்களே வெட்டுங்க.”

பெலார்மீனோ ஒவ்வொரு கன்றிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெட்டினார். அவர் கண்ணீர் தொட்டியில் விழாதபடி ஜுரேமா ஒரு தட்டை ஏந்திக்கொண்டாள். அதுவும் தண்ணீர்தானே.

கன்றுகள் துவண்டன. வேர்களை ஊறவைத்துச் சலித்தபோது, நீளமாய், ஒல்லியாய் ஆண் புழுக்கள் ஒரு கூட்டமே வேரை விட்டு வெளியேறி நெளிந்தன.

“எங்க சித்தப்பாவும் இப்படித்தாம்மா, சோறு குறைஞ்சதும் வீட்டை விட்டுக் கெளம்பிட்டாரு” என்றார் பெலார்மீனோ.

ஆணின் தலை, பழைய இனத்தின் தலையோடு ஒத்துப்போகவில்லை. அன்செல்மோ மாலைவரை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வாசலில் சத்தம். மீசையில்லாத ஒருவரை உள்ளே விட முடியாது என்று காவலாளி மறித்துக்கொண்டிருந்தான். ஜுரேமா நுண்ணோக்கியை விட்டு எழுந்து போனாள்.

“திரும்பி நில்லுங்க சார்.”

அவர் திரும்பினார். காவலாளி ஒருகணம் உற்றுப் பார்த்தான். உடனே சலாம் வைத்துக் கதவைத் திறந்தான்.